கேடிஇ-யில் முதல் பங்களிப்பு: கணக்கு தொடங்குவது முதல் கமிட் ஏறும் வரை

லினக்ஸில், கேடிஇ (KDE) என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பிளாஸ்மா டெஸ்க்டாப் பயன்படுத்துகிறீர்கள். ஒரு பொத்தானில் தமிழ் எழுத்து பாதியில் வெட்டுப்படுகிறது. இன்னோர் இடத்தில் மொழிபெயர்ப்பைப் படித்தால் சிரிப்பு வருகிறது. புலம்பினால், "கட்டற்ற மென்பொருள்தானே, நீங்களே திருத்தலாமே" என்கிறார்கள். திருத்தலாம்தான். ஆனால் கேடிஇ என்பது நூற்றுக்கணக்கான நிரல் களஞ்சியங்கள் கொண்ட பெரிய திட்டம். ஆவணங்களுக்குக் குறைவில்லை, எந்த வரிசையில் படிப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நான் முட்டி மோதிக் கடந்த வழியைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

இதில் கட்டளைகள் எதையும் எழுத்துக்கு எழுத்து தரவில்லை. அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. கேடிஇ-யின் டெவலப்பர் தளத்திலிருந்து அன்றன்று நகலெடுப்பதே பாதுகாப்பு.

1. எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக நிரலுக்குள் இறங்குகிறார்கள். பிளாஸ்மா முழுவதையும் தங்கள் மடிக்கணினியில் பில்ட் செய்ய, அதாவது மூலநிரலை ஓடும் மென்பொருளாக மாற்றப் பார்த்து, இரண்டாம் நாள் ஏதோ ஒரு நூலகப் பிழையில் சிக்கி, அதோடு விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் நுழைவதற்கு நல்ல வாசல்கள் இரண்டு: வழு (bug) அறிக்கைகளைச் சரிபார்ப்பது, தமிழாக்கம். இரண்டுக்கும் எதையும் பில்ட் செய்ய வேண்டியதில்லை. ஒரு வார இறுதியில் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைக்கும். அதைவிட முக்கியம், உங்கள் பெயர் அங்கே இருப்பவர்களுக்குப் பழகிவிடும். பிறகு நீங்கள் அனுப்பும் நிரலை யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

நிரல்தான் எழுதுவேன் என்றால் சி++, கியூஎம்எல் என்ற நிரல்மொழிகள் இரண்டில் ஒன்றாவது ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்மாவின் முகப்புப் பகுதிகளில் பெரும்பாலானவை கியூஎம்எல்லில் எழுதப்பட்டவை. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு அது சுலபமாக வசப்படும்.

2. இரண்டு கணக்குகள் தொடங்குங்கள்

ஒன்று, கேடிஇ அடையாளக் கணக்கு. நிரல் களஞ்சியங்கள் இருக்கும் இன்வென்ட் என்ற அவர்களுடைய கிட்லேப் தளத்துக்கும் விக்கிக்கும் இதுவே போதும். இரண்டாவது, வழுக்களைப் பதியும் தளமான பக்ஸில்லா. அது தனிக் கணக்கு, முதல் கணக்கின் கடவுச்சொல் அங்கே வேலை செய்யாது.

பக்ஸில்லாவில் நீங்கள் தரும் மின்னஞ்சல் முகவரி, உள்நுழைந்த மற்ற பயனர்களின் கண்ணில் படும். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் கமிட்டில் போகும் முகவரியோ உலகத்துக்கே தெரியும், பிறகு அழிக்கவும் முடியாது. வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்திருக்கும் முகவரியை இங்கே கொடுக்காதீர்கள். இதற்கென ஒரு தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்வென்டில் எஸ்எஸ்எச் சாவியை (நிரலை ஏற்றும்போது உங்களை அடையாளம் காட்டும் கோப்பு) அன்றே ஏற்றிவிடுங்கள். பேசிக் கேட்க மேட்ரிக்ஸ் அரட்டையில் புதிய பங்களிப்பாளர்களுக்கென்றே ஓர் அறை உண்டு. அங்கே "நான் எதில் தொடங்கலாம்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இந்த வழு, இந்த வரி, இங்கே நிற்கிறேன்" என்று கேட்டால் உண்மையான உதவி வரும்.

3. பெயரை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்

தமிழர்களுக்கு இது தனியே எழுத வேண்டிய விஷயம். நம்மில் பலருக்கு ஒற்றைப் பெயர், முன்னால் ஓர் எழுத்து. கேடிஇ-யின் சேவையகம் கமிட்டைச் சோதிக்கும்போது ஆசிரியர் பெயரில் முழுப்பெயர் இருக்கிறதா என்றும் பார்க்கும். இடைவெளியே இல்லாத ஒற்றைப் பெயர் அங்கே தடுக்கப்படலாம். கிட் அமைப்பில் பெயரோடு தலைப்பெழுத்தையோ அப்பா பெயரையோ இடைவெளி விட்டுச் சேர்த்துவிடுங்கள். அதே வடிவத்தையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். ஒரு கணினியில் ஒரு பெயர், மற்றொன்றில் வேறு பெயர் என்றிருந்தால், பிற்பாடு "இவை எல்லாம் என் பங்களிப்புகள்" என்று காட்ட வேண்டிய நேரத்தில் சிரமம்.

4. காகித வேலை: குறைவுதான், ஆனால் உண்டு

கேடிஇ-க்கு நிரல் தர எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டியதில்லை. எழுதிய நிரலின் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். ஜெர்மனியில் பதிவான கேடிஇ இ.வி. என்ற லாபநோக்கற்ற அமைப்புக்கு அந்த உரிமையை ஒப்படைக்கும் படிவம் ஒன்று இருக்கிறது, அது கட்டாயமில்லை. முதல் வருடத்தில் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

உங்கள் பக்கத்துக் காகிதம்தான் கவலைக்குரியது. ஐடி நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து, அறிவுசார் சொத்து பற்றிய பத்தியைப் படியுங்கள். "பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாமும் நிறுவனத்துக்கே சொந்தம்" என்ற ரீதியில் எழுதியிருந்தால், சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில், கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஆட்சேபணை இல்லை என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன "ஓகே" அவர் வேறு கம்பெனிக்குப் போனதும் செல்லாது. கடிதம் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், மற்ற படிகளைத் தொடங்கும் நாளிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஆபீஸ் மடிக்கணினியில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

புதுக் கோப்பு எழுதினால் மேலே உரிமக் குறிப்பும் உங்கள் பெயரும் வேண்டும். பக்கத்தில் இருக்கும் கோப்பின் தலைப்பகுதியைப் பார்த்து அதே மாதிரி எழுதினால் போதும்.

5. வழு அறிக்கைகளில் கை பழகுங்கள்

பக்ஸில்லாவில் பழைய அறிக்கைகள் ஏராளமாகக் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து, அதில் சொன்னபடி உங்கள் கணினியில் செய்து பாருங்கள். வழு இன்னும் வருகிறதா, எந்தப் பதிப்பில், திரையைக் கையாளும் இரு அமைப்புகளில் வேலேண்டிலா எக்ஸ்11-இலா என்று எழுதுங்கள். இவ்வளவுதான் வேலை.

இங்கே உங்கள் பிளாஸ்மா பதிப்பு புதியதாக இருக்க வேண்டும். டெபியன் ஸ்டேபிள் போன்ற, மெதுவாகவே புதுப்பிக்கப்படும் லினக்ஸ் வெளியீடுகளில் இருக்கும் பதிப்பை வைத்துப் பேசினால், "புதிய பதிப்பில் சோதித்துச் சொல்லுங்கள்" என்ற பதில்தான் வரும்.

"தகவல் தேவை" என்ற நிலைக்குப் போன அறிக்கைக்கு ஒரு கெடு உண்டு. 15 நாள் யாரும் பேசாவிட்டால் தானியங்கி நினைவூட்டும், 30 நாள் ஆனால் மூடிவிடும். உங்கள் அறிக்கையில் யாராவது கேள்வி கேட்டிருந்தால் பதிலைத் தள்ளிப்போடாதீர்கள்.

"15 நிமிட வழுக்கள்" என்று ஒரு பட்டியல் கண்ணில் படும். 15 நிமிடத்தில் திருத்தக்கூடியவை என்று நினைத்துப் பாயாதீர்கள். பிளாஸ்மாவைத் தொட்ட 15 நிமிடத்துக்குள் பயனருக்குத் தென்பட்டுவிடும் வழுக்கள் என்றே அதற்குப் பொருள். அவற்றில் சில மூத்தவர்களே பல மாதம் போராடுபவை. புதியவர்களுக்கு "ஜூனியர் ஜாப்ஸ்" என்று குறியிட்டவைதான் சரி.

இன்வென்ட் கிட்லேப் என்பதால் வழுவை அங்கேயே பதியத் தோன்றும். பயனர் வழுக்களுக்கான இடம் பக்ஸில்லாதான்.

6. தமிழாக்கம்

மொழிபெயர்ப்பு வேலை நடப்பது கிட்டில் இல்லை, சப்வெர்ஷன் என்ற பழைய பதிப்பு மேலாண்மைக் கருவியில். பயப்பட வேண்டாம், நீங்கள் அதைக் கற்க வேண்டிய அவசியம் உடனே வராது. கேடிஇ-யின் உள்ளூராக்கத் தளத்தில் தமிழுக்கான பக்கத்தைத் திறந்தால், எந்தக் கோப்பில் எத்தனை வரி மிச்சம் என்று தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதலில் தமிழ்க் குழுவுக்கு எழுதுங்கள். சொல்லாமல் ஒரு மாதம் உட்கார்ந்து முடித்து அனுப்பினால், அதே கோப்பை வேறொருவர் முந்தின வாரம் முடித்திருப்பார். திருத்திய கோப்பை அனுப்பினால், குழுவில் அனுமதி உள்ளவர் ஏற்றிவிடுவார்.

மொழிபெயர்க்க லோக்கலைஸ் என்ற கேடிஇ-யின் சொந்த மென்பொருள் போதும். வேலை தொடங்கும் முன், ஏற்கெனவே முடிந்த இரண்டு மூன்று கோப்புகளைப் படித்துக் குழு எந்தச் சொற்களை ஆள்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். "கோப்புறையா, அடைவா" என்று ஒருவர் தனியாக முடிவு செய்வதில் அர்த்தமில்லை. ஒரே மெனுவில் இரண்டும் வந்தால் பயனர்தான் குழம்புவார்.

இனி, கோப்பைத் திருப்பி அனுப்பவைக்கும் சங்கதிகள்.

வரியில் %1, %2 என்று வந்தால் அந்த இடத்தில் கோப்பின் பெயரோ எண்ணோ வந்து உட்காரும். அவற்றை நீக்கக் கூடாது, இடம் மாற்றலாம். தமிழில் வினை கடைசியில் வருவதால் பெரும்பாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். %1-உடன் நேரடியாக வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். "%1ஐ நீக்கவா?" என்றால் திரையில் கோப்புப் பெயரோடு ஓர் "ஐ" அநாதையாகத் தொங்கும். "%1 என்ற கோப்பை நீக்கவா?" என்று எழுதினால் எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் நிற்கும்.

& குறி, விசைப்பலகைக் குறுக்குவழிக்கு. அதற்கு அடுத்த எழுத்தே குறுக்குவழி எழுத்து. தமிழில் மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவே இதைச் செருகினால் எழுத்து உடைந்து, புள்ளிவட்டம் தெரியும். குழு இதை எப்படிக் கையாள்கிறது என்று பழைய கோப்பில் பார்த்து, அப்படியே செய்யுங்கள்.

ஒருமை, பன்மை என இரண்டு பெட்டிகள் வரும் இடத்தில் இரண்டையும் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மேலே இருக்கும் சூழல் குறிப்பையும் படியுங்கள். அது பொத்தானா, சாளரத் தலைப்பா, வெறும் தகவலா என்று அதில்தான் இருக்கும். "ஓப்பன்" பொத்தானில் இருந்தால் "திற", நிலையைக் குறித்தால் "திறந்துள்ளது".

"தெளிவற்றது" என்று குறியிட்ட வரிகள் பயனருக்குத் தெரியவே தெரியாது, அங்கே ஆங்கிலம்தான் வரும். மூல ஆங்கில வரி சற்று மாறியதும் பழைய மொழிபெயர்ப்பு இந்த நிலைக்குப் போய்விடும். புது வரிகளைத் தேடுவதற்கு முன் இவற்றைச் சரிபார்த்தால், குறைந்த நேரத்தில் நிறைய தமிழ் திரைக்கு வரும்.

கடைசியாக, நிரல் களஞ்சியத்துக்குள் இருக்கும் டெஸ்க்டாப் கோப்புகளிலும் ஜேசன் கோப்புகளிலும் தமிழ்ப் பெயர்கள் இருப்பதைப் பார்த்து அங்கேயே திருத்தாதீர்கள். ஸ்கிரிப்டி என்ற தானியங்கி அவற்றை சப்வெர்ஷனிலிருந்து எடுத்து எழுதுகிறது. நீங்கள் கையால் எழுதியதை அடுத்த சுற்றில் அதுவே அழித்துவிடும்.

7. பில்ட் செய்யும் கணினி

டிஸ்ட்ரோ, அதாவது நீங்கள் நிறுவியிருக்கும் லினக்ஸ் வெளியீடு, முக்கியம். ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட், ஃபெடோராவின் புதிய பதிப்பு ஆகியவற்றில் ஒன்று நல்லது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்ஸில் கியூட்டி (Qt) போன்ற நூலகங்கள் பழையவை, பிளாஸ்மாவின் இன்றைய நிரலுக்குப் போதாது. அன்றாட வேலைக்கு எல்டிஎஸ்தான் வேண்டும் என்றால், மெய்நிகர் கணினியில் இன்னொன்றை நிறுவிக்கொள்ளுங்கள்.

கருவியின் பெயர் கேடிஇ-பில்டர். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் கேடிஇ-சோர்ஸ்-பில்ட் என்ற முந்தைய கருவியைச் சொல்லும். 2024-க்கு முன் எழுதியது என்றால் மூடிவிடுங்கள். கேடிஇ-பில்டர் உங்கள் ஹோம் அடைவுக்குள் தனி இடத்தில் மூலநிரல், பில்ட், நிறுவல் மூன்றையும் வைத்துக்கொள்ளும். கணினியில் ஏற்கெனவே ஓடும் பிளாஸ்மாவை அது தொடாது. அதனாலேயே அதை நிர்வாகி அனுமதியோடு ஓட்டக் கூடாது. டிஸ்ட்ரோவிலிருந்து தேவையான தொகுப்புகளை நிறுவும் கட்டத்தில் மட்டும் அதுவே கடவுச்சொல் கேட்கும்.

முதல் நாளே பிளாஸ்மாவை எடுக்காதீர்கள். கேகால்க் என்ற கால்குலேட்டரில் தொடங்குங்கள். சிறிய செயலிதான், என்றாலும் அது சார்ந்திருக்கும் ஃப்ரேம்வொர்க்ஸ் நூலகங்கள் எல்லாம் கூடவே பில்ட் ஆகும். பழைய மடிக்கணினியில் ஒரு ராத்திரி போய்விடலாம். அடுத்த முறையிலிருந்து சார்புகளை விட்டுவிட்டு அந்தச் செயலியை மட்டும் பில்ட் செய்யச் சொன்னால் சில நிமிடம்தான். 8 ஜிபி ராம் உள்ளவர்கள் அமைப்புக் கோப்பில் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கோர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில் நினைவகம் தீர்ந்து கணினி உறைந்து நிற்கும். தரவிறக்கமும் பல ஜிபி வரும், மொபைல் டேட்டாவில் முயல வேண்டாம்.

எந்தக் களஞ்சியத்தில் கை வைப்பது என்பது அடுத்த தலைவலி. திரையில் ஒன்றாகத் தெரியும் பேனலில் டாஸ்க் மேனேஜரும் கிக்காஃப் மெனுவும் பிளாஸ்மா-டெஸ்க்டாப்பில் இருக்கின்றன, கடிகாரமும் சிஸ்டம் ட்ரேயும் பிளாஸ்மா-வொர்க்ஸ்பேஸில். சாளரங்களை நகர்த்துவது கேவின். குறுக்குவழி ஒன்று சொல்கிறேன்: டெஸ்க்டாப்பை ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த இடத்தில் தெரியும் வரியை அப்படியே இன்வென்டில் தேடுங்கள். கோப்பே கிடைத்துவிடும்.

8. முதல் மெர்ஜ் ரிக்வெஸ்ட்

களஞ்சியத்தை உங்கள் கணக்குக்கு ஃபோர்க் செய்து (நகலெடுத்து), புதுக் கிளையில் வேலை செய்து, மாஸ்டர் என்ற முதன்மைக் கிளைக்கு மெர்ஜ் ரிக்வெஸ்டாக, அதாவது சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோளாக, அனுப்புங்கள். ஒரு ரிக்வெஸ்டில் ஒரே ஒரு திருத்தம். கூடவே இடைவெளிகளையும் அடைப்புக்குறிகளையும் அழகுபடுத்தினால், மதிப்பாய்வாளருக்கு எது உங்கள் திருத்தம் என்றே தெரியாது. தோற்றம் மாறியிருந்தால் முன்-பின் படங்களைக் கட்டாயம் சேருங்கள். படம் இல்லாத ரிக்வெஸ்டுக்கு வரும் முதல் கேள்வியே "படம் எங்கே?" என்பதுதான்.

கமிட் செய்தியில் பக் என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, வழு எண்ணைப் போட்டால், திருத்தம் ஏறியதும் அந்த வழு தானாக மூடப்படும். தனி வரியில் எழுத வேண்டும்.

மாஸ்டர் முன்னே போய்விட்டால் அதை உங்கள் கிளைக்குள் மெர்ஜ் செய்யாதீர்கள், ரீபேஸ் செய்யுங்கள், அதாவது உங்கள் மாற்றங்களைப் புதிய மாஸ்டரின் மேல் மறுபடி அடுக்குங்கள். மதிப்பாய்வுக்கு ஒரு வாரம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரு நினைவூட்டல் போடலாம். பெரும்பாலோர் வேலை முடிந்து வந்து சொந்த நேரத்தில் செய்பவர்கள்.

"ஏற்கப்பட்டது" என்ற பச்சைக்குறி விழுந்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். மெர்ஜ் பொத்தானை அழுத்தும் அதிகாரம் புதியவருக்குக் கிடையாது. ஒப்புதல் தந்தவரோ, உங்களுக்கு அந்த அனுமதி இருப்பதாக நினைத்துக் கிளம்பிவிடுவார். இப்படி நடுவில் தொங்கும் ரிக்வெஸ்டுகள் நிறைய. "எனக்கு மெர்ஜ் அனுமதி இல்லை, தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். இப்படிச் சில திருத்தங்கள் ஏறிய பிறகு டெவலப்பர் கணக்குக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் வேலையைப் பார்த்த ஒருவர் பரிந்துரைக்க வேண்டும்.

9. நாள்காட்டி

பிளாஸ்மாவின் புதிய பதிப்புகள் அண்மைக் காலத்தில் நான்கு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தன: 6.1 ஜூன் 2024, 6.2 அக்டோபர் 2024, 6.3 பிப்ரவரி 2025, 6.4 ஜூன் 2025. ஒவ்வொன்றுக்கும் பின் வழுத்திருத்தப் பதிப்புகள் 1, 1, 2, 3, 5 வார இடைவெளியில் வரும். ஆமாம், ஃபிபோனாச்சி வரிசையேதான். செயலிகளின் தொகுப்பான கேடிஇ கியர் வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில். ஃப்ரேம்வொர்க்ஸ் மாதம் ஒருமுறை.

வெளியீட்டுக்குச் சில வாரம் முன் அம்சங்களுக்கும், திரையில் தெரியும் வரிகளுக்கும் பூட்டு விழும். அந்த நேரத்தில் புது அம்சத்தை அனுப்பினால் கிடப்பில்தான் கிடக்கும். மொழிபெயர்ப்பாளருக்கோ அதுவே பொன்னான காலம், இனி வரிகள் மாறாது. அட்டவணை பொதுவில் இருக்கிறது, பார்த்துத் திட்டமிடுங்கள். திருத்தம் வெளியான பிறகும் உங்கள் டிஸ்ட்ரோ வழியாக வர மேலும் காலம் பிடிக்கும்.

மாணவர்களுக்கு: கட்டற்ற மென்பொருளில் வேலை பழக உதவும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், விண்ணப்பம் மார்ச் வாக்கில், நாட்டைப் பொறுத்து உதவித்தொகை உண்டு. கேடிஇ-யே நடத்தும் சீசன் ஆஃப் கேடிஇ ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும், அதில் பணம் கிடையாது. விண்ணப்பத்துக்கு முன்பே ஓரிரு திருத்தம் ஏறியிருந்தால் மட்டுமே பேச்சு எடுபடும்.

10. அகாடமிக்குப் போவதென்றால்

பங்களிக்க ஒரு பைசா கட்டணமில்லை. செலவு வருவது, கேடிஇ-யினர் ஆண்டுக்கொரு முறை கூடும் அகாடமி மாநாட்டுக்கு நேரில் போனால்தான். 2024-இல் வூர்ட்ஸ்பர்க், 2025-இல் பெர்லின், இரண்டும் ஜெர்மனியில், இரண்டும் செப்டம்பரில். நுழைவு இலவசம், பதிவு மட்டும் செய்ய வேண்டும். செயலில் உள்ள பங்களிப்பாளர்களுக்குக் கேடிஇ இ.வி. பயண உதவி தரும். பொதுவாக நீங்கள் செலவு செய்து, ரசீது காட்டித் திரும்பப் பெறும் முறை. ஆகவே விமானக் கட்டணத்தைக் கையிலிருந்து போட வசதி இருக்க வேண்டும். ரசீது ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45. ஆனால் ஐரோப்பியக் கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம். செப்டம்பர் மாநாட்டுக்கு மே மாதமே தேதி தேடுங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் ஜூன் 2024 முதல் 90 யூரோ, விசா மறுக்கப்பட்டால் திரும்பி வராது. சேவை மையக் கட்டணம் தனி.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாக, திரும்பும் நாளுக்குப் பின் 3 மாதமாவது செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, நிறுவனத்தின் விடுப்புக் கடிதம் ஆகியவற்றையும் சேர்த்துவையுங்கள். அழைப்புக் கடிதத்தை அமைப்பாளர்களிடம் கேட்டுப் பெறலாம். அதில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே வர வேண்டும். கிட்டில் நீங்கள் வைத்த பெயரை அவர்கள் தானாக எழுதிவிடலாம், அனுப்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

விசா வேண்டாத வழியும் உண்டு. இந்தியாவிலேயே கேடிஇ மாநாடு அவ்வப்போது நடக்கும், பிப்ரவரி 2024-இல் புனேயில் நடந்தது. அகாடமி உரைகளும் நேரலையில் வரும். அங்கே காலை 10 மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் மதியம் 1.30, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மாலை 4.